பெர்னடெட் கேட்டு வாங்கிய தடை

பதினோரு வருடம் ஒரே இடத்தில் தோற்ற பெண்ணைக் கூப்பிட்டு, "நீங்க ரொம்ப நல்லா ஆடுறீங்க, இனிமே இங்க வராதீங்க" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? பெர்னடெட் இதுரால்டே சிரித்துவிட்டாள். அமெரிக்காவின் ரீனோ நகரத்தில், காப்பர் லாந்தர்ன் என்ற சூதாட்டக் கேசினோவில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இது நடந்தது.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்து நெவாடா மலையில் குடியேறிய குடும்பம். கணவன் பெயோ குழாய் ரிப்பேர் வேலை செய்தவன். அவனை அடக்கம் செய்த மூன்றாவது வாரம் காப்பர் லாந்தர்னிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வேளைச் சாப்பாடு இலவசம் என்றது. தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் போனவள்தான். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவள் கொடுத்த விலை, பெயோ தன் கையால் கட்டிய வீடு. இப்போது வாடகை மனையில் நிற்கும் தகர வீட்டில் இருக்கிறாள்.

அவள் ஆடுவது பிளாக்ஜாக்: கையில் விழும் சீட்டுகளைக் கூட்டி டீலரை முந்த வேண்டும், இருபத்தொன்றைத் தாண்டினால் தோல்வி. அந்தச் செவ்வாய்க்கிழமை மேஜையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த டீலர் ரொமுலோ. பிலிப்பைன்ஸ்காரன், அதிகம் பேசாத நல்ல மனுஷன். பெர்னடெட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேஜையில் இரண்டு, மூன்று, நான்கு என்று சின்னச் சீட்டாக வந்து கொட்டினால், ராஜாவும் ராணியும் சீட்டுப் பெட்டிக்குள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், இனி வரப்போவது அவர்கள்தான் என்று அவளுக்குத் தோன்றும். உடனே பத்து டாலரை நூறு டாலராக்கிவிடுவாள். அன்றைக்கு மூன்று தடவை அப்படித் தோன்றியது, மூன்று தடவையும் தொடர்ந்து மூன்று ஆட்டம் பலித்தது. தொள்ளாயிரம் டாலர் மதிப்புள்ள சில்லுகள் முன்னால் குவிந்தன.

மேற்பார்வையாளன் டாயில் வந்து அவள் சில்லுகளின் மேல் கையை வைத்தான்.

"மேடம், உங்க ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எந்திரிங்க."

"யாரோட ஆட்டம்?"

"உங்களோடதுதான்."

"டாயில், என்னைத் தெரியலையா? பெர்னிப்பா. உங்க ஓட்டல் தரைவிரிப்புல பாதி என் காசுல போட்டது."

"மேலேயிருந்து சொல்லிட்டாங்க மேடம். நீங்க சீட்டை எண்ணி ஆடுறீங்களாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவன் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சத்தம் போட்டாள். சத்தம் போட்டதுதான் தாமதம், இரண்டு காவலாளிகள் வந்தார்கள். ஒரு பின்னறையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இனி இந்த வாசலை மிதித்தால் அத்துமீறல், போலீஸ் வரும் என்று ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்கள்.

சீட்டை எண்ணுவது திருட்டு இல்லை. சட்டத்தில் குற்றமும் இல்லை. எல்லோர் கண்ணுக்கும் எதிரே விழுந்த சீட்டு எது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, பாக்கி எது என்று யோசிக்கிறான் ஒருவன். செய்த தப்பு அவ்வளவுதான். ஆனால் இந்த ஊர் முதலாளிகளுக்கு அது பொறுக்காது. மூளையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவனுக்கு இலவச அறை, இலவசக் கறிச்சோறு, 'ஐயா வாங்க, அம்மா வாங்க'. கழற்றாமல் வருகிறவனுக்குக் காவலாளி. இதற்குப் பெயர் அதிர்ஷ்ட விளையாட்டாம். அதிர்ஷ்டம் எப்போதும் அவர்கள் பக்கமே இருக்க வேண்டுமாம். கேட்கிறவனுக்கு வயிறு எரியாதா?

பெர்னடெட் மறுநாளே எதிர்த்த தெரு கேசினோவுக்குப் போனாள். வாசலிலேயே காவலாளி தன் கைபேசியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றான். மூன்றாவது இடத்திலும் அதே கதை. இப்படிப்பட்டவர்களின் படத்தை ஊர் முழுக்க ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். ஒரே நாளில் ரீனோவின் எல்லாக் கதவும் அவளுக்குச் சாத்திக்கொண்டன.

முதல் வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறையை மூன்று தடவை கழுவினாள். இரண்டாவது வாரம் தூக்கம் வந்தது. மாதக் கடைசியில் பார்த்தால் ஓய்வூதியத்தில் பணம் மிச்சம் இருந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. கூரையில் கிடந்த குளிர்விப்பான் பெட்டியை ரிப்பேர் செய்தாள். பல் வைத்தியரிடம் போனாள். வியாழக்கிழமைகளில் நாத்தனார் டொமினிகாவோடு பாஸ்க் மன்றத்துக்கு 'முஸ்' சீட்டு ஆடப் போனாள். அங்கே காசு கிடையாது, அவரை விதைதான் பந்தயம். கூட்டாளிக்கு ஜாடை காட்டுவதுகூட அங்கே சட்டப்படி சரி. கீழுதட்டைக் கடித்தால் கையில் இரண்டு ராஜா இருக்கிறது என்று அர்த்தம். எதிராளி அந்த ஜாடையைக் கண்டுபிடித்தால் அது அவன் சாமர்த்தியம், யாரும் யாரையும் வெளியே தள்ளுவதில்லை.

"பதினோரு வருஷம் அவனுங்க வீட்டுல போய் மொட்டை அடிச்சுக்கிட்டே. இப்ப அவனுங்களே துரத்திவிட்டானுங்க. அந்த டாயிலுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்டி" என்றாள் டொமினிகா.

"போடி, எனக்குக் கோபம் இன்னும் அடங்கல. நான் எண்ணவே இல்லை!"

"எண்ணினா என்ன, எண்ணாட்டி என்ன? கதவு சாத்தியாச்சுல்ல. வாயை மூடிக்கிட்டு சந்தோஷமா இரு."

இருந்தாள். ஐந்து வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஆறாவது வாரம், காலை பத்து மணிக்கு, தகர வீட்டு வாசலில் ஒரு பளபளக்கும் கார் வந்து நின்றது. இறங்கியவன் ட்ரென்ட். காப்பர் லாந்தர்னில் தோற்கிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் உபசரிப்பு அதிகாரி. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கையில் பெரிய கூடை. பன்றித்தொடைக் கறி, பேரிக்காய், சாக்லேட், நடுவில் இருநூறு டாலருக்கு இலவசமாக ஆட ஒரு ஆட்டச் சீட்டு.

"பெர்னி, எங்க மேல ரொம்பக் கோபமா இருப்பீங்க. நாங்க பெரிய தப்பு பண்ணிட்டோம்."

"என்ன தப்பு?"

"நீங்க எண்ணுற ஆளே இல்லை! எங்க நிபுணர் உங்க பழைய வீடியோ நாப்பது மணி நேரம் உக்காந்து பார்த்தாரு. டீலர் ஆஸ் காட்டினா போதும், பயந்துபோய் கூடுதல் பந்தயம் கட்டிடுறீங்க. அது வீண். கையில ரெண்டு பத்து, ஜம்முன்னு இருபது இருக்கு, அதைப் போய் பிரிச்சு ரெண்டு ஆட்டமா ஆக்குறீங்க. பதினாறுல அடுத்த சீட்டு வாங்கப் பயந்து நின்னுடுறீங்க. எண்ணுறவன் ஒருத்தன்கூட இப்படி ஆட மாட்டான்." நல்ல செய்தி கொண்டு வந்தவன் மாதிரி அவன் குரல் தித்தித்தது. "மொத்தக் கணக்கையும் எடுத்துப் பார்த்தோம். பதினோரு வருஷத்துல ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். நீங்க எங்க குடும்பம் பெர்னி! உங்களைப் போய்..."

பெர்னடெட் கூடையை வாங்கவில்லை. அவள் எவ்வளவு தோற்றாள் என்று அவளுக்கே தெரியாது. கூட்டிப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை. இவன் கூட்டி வைத்திருக்கிறான். எங்கே எப்படித் தப்பாக ஆடுகிறாள் என்பதும் ஆரம்பத்திலிருந்தே இவர்கள் வீடியோவில் இருக்கிறது. பதினோரு வருடத்தில் ஒருத்தன் வாயைத் திறந்து, 'பாட்டி, இருபதைப் பிரிக்காதே' என்று சொன்னானா? வீட்டை விற்றுவிட்டு வந்த அன்று இதே ட்ரென்ட் அவளுக்குக் கேக் வெட்டினான்.

"அந்தத் தடையை எடுக்காதீங்க" என்றாள்.

"புரியலையே?"

"அப்படியே இருக்கட்டும். எனக்கு அது நல்லாத்தான் இருக்கு. ஊர் முழுக்க என் படத்தை அப்படியே விட்டுடுங்க."

ட்ரென்ட்டின் சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. "அது எண்ணுறவங்களுக்கான பட்டியல் பெர்னி. தகுதி இல்லாதவங்களை அதுல வைக்க முடியாது. நேத்தே எல்லா இடத்துக்கும் சொல்லியாச்சு, நீங்க சுத்தமான ஆளுன்னு. வேணும்னா ஒரு படிவம் இருக்கு. கையெழுத்துப் போட்டா கடிதம் அனுப்புறதை நிறுத்திடுவோம்."

"கதவை?"

"கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்" என்று சொல்லி, கூடையைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரத்தில் ஆறு கேசினோக்களிலிருந்து கடிதம் வந்தது. அறை இலவசம், கறி இலவசம், ஆட்டச் சீட்டு இலவசம். பெர்னடெட் கடிதங்களைக் கிழித்தாள், கிழித்ததை ஒட்ட வைத்துப் படித்தாள். வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கப் போன கார் பால் கடையில் நிற்கவில்லை. மதியம் திரும்பி வந்தபோது மனை வாடகைக்கு வைத்திருந்த அறுநூற்று நாற்பது டாலர் கையில் இல்லை. இருபதைப் பிரித்திருந்தாள். தப்பு என்று தெரிந்தே பிரித்திருந்தாள்.

டொமினிகா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "வாடகை கட்டு. இது ஒரு தடவைதான் பெர்னி. அடுத்த தடவை என்கிட்ட இல்லை. இந்த வீடும் போச்சுன்னா நீ உன் கார்லதான் படுக்கணும்."

"போகாம இருன்னு சொன்னா இருந்துடுவேன்னு நினைக்கிறியா? எனக்கு முடியலடி. கதவு திறந்திருந்தா என் காலு உள்ள போகுது."

"அப்ப சாத்த வை."

"சாத்த மாட்டேங்கறானுங்களே!"

"எண்ணுறவங்களுக்குச் சாத்துறானுங்கல்ல?" டொமினிகா எழுந்து நின்றாள். "எண்ணு."

அடுத்த நாள் துணி துவைக்கும் கடையில் ரொமுலோவைப் பிடித்தாள் பெர்னடெட். அவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அதுல ரகசியமே இல்லைம்மா. ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் வந்தா ஒண்ணு கூட்டு. பத்து, படச் சீட்டு, ஆஸ் வந்தா ஒண்ணு கழி. பாக்கியை விட்டுடு. கூட்டல் பக்கம் ஏறினா பந்தயத்தை ஏத்து. இவ்வளவுக்குத்தான் அவ்வளவு கேமரா. ஆனா சத்தத்துலயும் பேச்சுலயும் விடாம எண்ணணும். அதுதான் கஷ்டம்."

"இது என்ன பெரிய கஷ்டம்? பிள்ளை ஏறினா ஒண்ணு, இறங்கினா கழிச்சல். ஐம்பது வாண்டுங்க பின்னாடி கத்த கத்த, பனியில வண்டி ஓட்டிக்கிட்டே இருபத்தேழு வருஷம் எண்ணியிருக்கேன். கடைசியில சைபர் வரலைன்னா வண்டியில ஒரு குழந்தை தூங்குதுன்னு அர்த்தம்."

ரொமுலோ அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அப்ப நீங்க ஏம்மா இத்தனை வருஷம் தோத்தீங்க?"

அவள் அவனுடைய துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

டொமினிகா கேசினோ பரிசுக் கடைக்குப் போய், ஆட்டம் முடிந்த பழைய சீட்டு ஆறு கட்டு வாங்கி வந்தாள். மறுபடி மேஜைக்கு வந்துவிடக் கூடாது என்று நடுவில் ஓட்டை போட்டு விற்பார்கள். கூடவே எந்தக் கைக்கு எப்படி ஆட வேண்டும் என்று அச்சடித்த அட்டை ஒன்றும் அதே கடையில் கிடைத்தது. அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த அட்டைப்படி ஆடினாலும் மெதுவாகத் தோற்பாய் என்று அவர்களுக்குத் தெரியும். மெதுவாகத் தோற்கச் சொல்லிக் கொடுக்க இரண்டு டாலர்!

மூன்று வாரம் சமையலறை மேஜையில் ஓட்டைச் சீட்டு விழுந்தது. டொமினிகா வானொலியை அலற விட்டாள், வாணலியைத் தட்டினாள், செத்துப்போன தன் அண்ணன் பெயோவைப் பற்றிக் கேட்டாள். பெர்னடெட்டுக்குக் கணக்கு தவறவில்லை. "எத்தனை?" "கூட்டல் ஏழு." "பாவி, சரிதான்டி!"

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு பெர்னடெட் காப்பர் லாந்தர்னில் ரொமுலோவின் மேஜையில் உட்கார்ந்தாள். டொமினிகா தன் குளிர்காலக் கட்டை விறகுக்கு வைத்திருந்த முந்நூறு டாலர் அவள் கையில். மேஜையில் இன்னும் மூன்று பேர். தொப்பி போட்ட ஒரு லாரி டிரைவர், ஃப்ரெஸ்னோவிலிருந்து வந்த ஒரு வயசான தம்பதி.

இந்தத் தடவை அவள் இருபதைப் பிரிக்கவில்லை. பதினாறில் பயந்து நிற்கவில்லை. எண்ணிக்கை ஏறினால் பத்தை நூறாக்கினாள், இறங்கினால் மறுபடி பத்து. ஒளிக்கவே இல்லை, பார்க்கட்டும் என்று சில்லை ஓங்கி வைத்தாள். இரண்டு மணி நேரத்தில் எழுநூறு டாலர் சேர்ந்தது. டாயில் ஒரு தடவை பார்த்தான், இரண்டு தடவை பார்த்தான், தொலைபேசியை எடுத்து மேலே பேசினான். பெர்னடெட் மனதுக்குள் அவனைக் கூப்பிட்டாள். வா, வந்து கையை வை.

டாயில் வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான்.

"பெர்னி, இன்னிக்குக் கை வாகா இருக்கே! மேலேயிருந்து உங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பச் சொல்லிட்டாங்க. ஆட்டுக்கறியா, மீனா?"

"டாயில், நான் எண்ணுறேன்."

"எண்ணுங்க, எண்ணுங்க."

"நிஜமா எண்ணுறேன்யா! இப்ப கூட்டல் நாலு!"

அவன் லாரி டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்தான். "எங்க பெர்னி பதினோரு வருஷமா எண்ணுறாங்க" என்றான். மேஜையே சிரித்தது. ரொமுலோ மட்டும் சிரிக்கவில்லை.

பெர்னடெட்டுக்குத் தலையிலிருந்து கால் வரை தீப்பிடித்தது. அவளைப் பற்றிய கோப்பில் எழுதியிருப்பதை நம்புகிறார்கள், தங்கள் கண்ணை நம்பவில்லை. இவள் தோற்கப் பிறந்தவள், இன்றைக்கு எழுநூறு போனால் நாளைக்கு ஏழாயிரமாகத் திரும்பி வரும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஜெயித்தாலும் விட மாட்டார்கள். அதைவிட மோசம், ஜெயிப்பது அவளுக்கே இனித்தது. ஒரு மணி நேரமாக டொமினிகாவின் விறகை அவள் நினைக்கவே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும்.

அவள் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.

"அஞ்சு, கூட்டல் அஞ்சு. மூணு, ஆறு. நாலு, ஏழு. ரெண்டு வந்துருச்சு, எட்டு! அண்ணே, தொப்பிக்காரரே, சின்னச் சீட்டெல்லாம் போயிடுச்சு, உள்ள படமாத்தான் இருக்கு. இப்ப வைங்க, இருக்கறதை வைங்க!"

"எப்படிம்மா தெரியும்?"

"பிள்ளைங்களை எண்ணத் தெரியுமா? அவ்வளவுதான்." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, எதை விடுவது. ஃப்ரெஸ்னோ கிழவர் ஐம்பது டாலர் வைத்தார். லாரி டிரைவர் நூறு வைத்தார். ரொமுலோ தனக்குப் பதினைந்து எடுத்தான், அடுத்தது ராணி, இருபத்தைந்து. மேஜையே ஜெயித்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். அடுத்த கை மூன்று பேருக்குத் தோற்றது. "அது ஒண்ணுமில்ல, அப்படித்தான் வரும் போகும். கூட்டல் இன்னும் ஆறு இருக்கு, குறைக்காதீங்க!" அதற்கடுத்த கையில் கிழவிக்கு முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தது, கைதட்டல் எழுந்தது.

டாயிலின் சிரிப்பு போய்விட்டது. ஓடி வந்து, "ரொமுலோ, சீட்டைக் கலை" என்றான்.

"பெட்டியில பாதிச் சீட்டு இருக்கே" என்றார் கிழவர்.

"ஏன் கலைக்கிறானுங்க தெரியுமா?" பெர்னடெட் நாற்காலியை விட்டு எழுந்தாள். "உங்களுக்கு நல்ல சீட்டு வரப்போகுதுன்னு! நீங்க தோத்துக்கிட்டே இருக்கறப்ப என்னிக்காவது பாதியில கலைச்சானுங்களா? எங்க தப்பா ஆடுறீங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் மேல எழுதி வச்சிருக்கானுங்க. கேட்டுப் பாருங்க! எனக்குப் பதினோரு வருஷத்துக்கு இருக்கு!"

ட்ரென்ட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "பெர்னி, பெர்னி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"இப்பத்தான்டா சரியாகியிருக்கு. சொல்லு டாயில். அந்தத் தாளை எடுத்து வாசி."

அவள் ஜெயித்ததற்கு வராத காவலாளிகள், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு நான்கு பேராக வந்தார்கள். டாயில் தாளை வாசித்தான்.

"எத்தனை நாளைக்கு?"

"நிரந்தரமா."

"பழைய வீடியோ பார்த்துட்டு மறுபடி கூடையோட வருவீங்களா?"

"மாட்டோம்."

"ஊர் முழுக்கச் சொல்வீங்களா?"

"ஒரு இடம் விட மாட்டோம். போதுமா?"

"போதும்" என்றாள்.

சில்லுகளைப் பணமாக்கிக் கொடுத்தார்கள். வாசலுக்குப் போக அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுபடி கலைத்த சீட்டைப் பெட்டியில் ஏற்றி, ரொமுலோ போட ஆரம்பித்திருந்தான். ஃப்ரெஸ்னோ தம்பதி எழுந்திருக்கவில்லை. கிழவர் புதிய ஆட்டத்தின் முதல் கைக்கே நூறு டாலர் வைத்திருந்தார், எதையும் எண்ணாமல். கிழவிக்கு ஒரு கோப்பை ஒயின் வந்திருந்தது. ட்ரென்ட் குனிந்து அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்: "இங்க முதல் தடவையா வர்றீங்களாம்மா? சாப்பிட்டீங்களா? உங்க பேரு?"

"எந்திரிங்க!" என்று கத்தினாள் பெர்னடெட். "இப்ப ஒண்ணுமே இல்லை அதுல! எந்திரிங்க!"

கிழவி திரும்பி, நன்றியோடு கையசைத்தாள்.

வயதில் மூத்தவள், தானாகவே நடக்கிறாள் என்று கூட வந்த காவலாளி அவள் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டான். மேஜையில் சீட்டு விழுந்தது. மூன்று. ஐந்து. இரண்டு. ஆறு. நான்கு. கூட்டல் ஐந்து. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. பெர்னடெட்டின் கால் நின்றது.

அவள் காவலாளியின் கையை இழுத்துத் தன் முழங்கையில் வைத்தாள்.

"விடாதப்பா" என்றாள். "வெளிக்கதவு தாண்டுற வரைக்கும் இறுக்கிப் பிடி."